ஈஸ்வரி அக்காவின் அச்சேறாத வரி

மலேசியாவில் எங்கள் கிள்ளானில் மழைக்கு மரியாதை கிடையாது. மத்தியானமானால் வேலைக்கு வரும் ஆளைப் போல வந்துவிடும். துவைத்த துணி காயாது, செருப்பில் பூஞ்சை பிடிக்கும், நாங்கள் திட்டித் தீர்ப்போம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு மழைக் கவிதையின் கடைசி வரியைத் தேடி அருப்புக்கோட்டைக்குக் கிளம்புகிறேன் என்றதும் என் மனைவி நம்பவில்லை. "ஒரே ஒரு வரிக்கா விமான டிக்கெட்?" என்றாள். ஆமாம், ஒரே ஒரு வரிக்குத்தான். அவளுக்கு விளக்கிச் சொல்ல நேரமில்லாமல் போனதால் இங்கே சொல்கிறேன்.

ஈஸ்வரி அக்கா மேடையில் நின்று கவிதை சொல்பவர். சொல்பவர் என்பது சரியில்லை. இடது கையில் கஞ்சிராவைப் பிடித்துக்கொண்டு பாதி பேச்சும் பாதி பாட்டுமாக அவர் நிகழ்த்துவார். பக்கத்தில் மைதீன் அண்ணன் ஆர்மோனியம் வாசிப்பார். அக்காவே 'உடைமுள்' என்ற பெயரில் பதிப்பகமும் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் புத்தகம் போட்டு, துணிப்பையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். தன் கவிதையோடு நிற்கவில்லை, தீப்பெட்டி ஒட்டும் ஒரு பெண்ணின் கதைகளைக்கூட அச்சிட்டார். அவரை ஒரு முறை கிள்ளானுக்கு அழைத்து வந்து கூட்டம் நடத்தியது நான். என் எழுதுபொருள் கடையின் பின்கட்டில் எனக்கும் ஒரு சின்னப் பதிப்பகம் உண்டு.

அக்காவின் புத்தகங்களில் ஒரு வினோதம் உண்டு. எந்தக் கவிதைக்கும் கடைசி வரி இருக்காது. அந்த இடம் வெள்ளையாக இருக்கும். கடைசி வரி வேண்டுமென்றால் கூட்டத்துக்கு வந்து கேட்க வேண்டும். "அச்சுல முழுசா இருந்தா எவன் கூட்டத்துக்கு வாரான்?" என்பார். பதிப்பாளரின் கணக்கா, பாடகியின் வீம்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மேடை ஏறியதும் அக்கா இரண்டு கட்டளைகள் போடுவார். "எல்லாரும் போனை மடியில குப்புறப் போடுங்க. கேக்குறதுக்குக் காது போதும்" என்பது முதலாவது. கடைசி வரிக்கு முன்னால் கஞ்சிராவை நிறுத்திவிட்டு இரண்டாவதைச் சொல்வார்: "இந்த வரிய யாரும் கூடச் சொல்லக் கூடாது. வீட்டுக்குக் கொண்டு போங்க. தெருவுல சிந்தாதீக." ஜனங்கள் அப்படியே கேட்டார்கள். கிள்ளான் கூட்டத்தில் முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபோது அக்கா பாட்டை நிறுத்திவிட்டார். நான்தான் நடுங்கிக்கொண்டே போய் அவரிடம் கெஞ்சினேன். அவரும் மடியில் குப்புறப் போட்டார். அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அவராவது ஒளித்து வைத்துப் பதிவு செய்திருக்கக் கூடாதா?

ஏனென்றால் அக்காவுக்கு இப்போது குரல் இல்லை. தொண்டையில் புற்றுநோய் வந்து, மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மீண்டும் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் எல்லாக் கவிதைகளையும் கடைசி வரிகளோடு முழுசாக ஒரே புத்தகமாகப் பார்த்துவிட வேண்டும் என்று அக்கா எனக்குச் செய்தி அனுப்பினார். வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்றவர் வேண்டும் என்று கேட்கிறார். போகாமல் இருக்க முடியுமா?

*

முதல் நாள் அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் அக்காவின் தம்பி வீட்டில் போய் இறங்கினேன். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். எங்கள் ஊரில் மழை தகரக் கூரையில் விழும்போதுகூட இவ்வளவு சத்தம் கேட்காது. பஞ்சுத் தூசி ஆகாது என்பதால் அக்காவைப் பின்பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள். கழுத்தில் மூச்சுக்காக விட்டிருந்த துளையை மெல்லிய வெள்ளைத் துணி மூடியிருந்தது. அது அந்த வீட்டுத் தறியிலேயே நெய்த துணி.

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்துத் தட்டினார். தட்டியதை வாசித்துக் காட்டும் செயலியிலிருந்து, செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் ஒன்று கணீரென்று பேசியது: "வா தம்பி. வயிறு முன்னாடி வந்துருச்சு, நீ பின்னாடி வார."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேச்சு அக்காவுடையது. குரல், மாலைச் செய்திகளில் அமைச்சரின் வெளிநாட்டுப் பயணத்தைச் சொல்லும் பெண்ணுடையது. ஊரெல்லாம் கைப்பேசியைக் கவிழ்த்துப் போடச் சொன்ன மனுஷிக்குக் கைப்பேசியே வாயாகிவிட்டது. நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "தெரியும், நானும் நெனச்சேன். சிரிச்சுத் தொலை" என்றது குரல்.

வாசலில் அக்காவின் தம்பியும் அவர் மனைவியும் கன்னடத்தில் ஏதோ காரசாரமாகப் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இந்த ஆள் எத்தனை நாள் தங்குவார், இவர் உறைப்புத் தின்பாரா என்று கேட்பதாக அக்கா மொழிபெயர்த்துத் தட்டினார். உறைப்பு விஷயத்தில் நான் வீரன் என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டில் மிளகாய்த் துவையலிடம் தோற்றுப்போனேன். எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பல் எல்லாம் இதன் முன்னால் குழந்தை உணவு. தம்பியின் மனைவி கருப்பட்டி மிட்டாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு வேலையைத் தொடங்கினோம். அக்கா ஒவ்வொரு கவிதையாகத் தட்ட, செய்திக் குரல் கடைசி வரிகளை வாசிக்க, நான் எழுதிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்றில் வந்து நின்றார். எல்லோரும் கேட்கிற அந்தக் கவிதை. 'மழை வந்த தெரு.'

சின்னக் கவிதைதான்:

மழை வந்து கதவைத் தட்டுச்சு.
முதல் வீட்டுல, வெதை போட்டிருக்கோம், வா வான்னாக.
அடுத்த வீட்டுல, மொளகா காயுது, அப்புறமா வான்னாக.
அதுக்கடுத்த வீட்டுல ஆளில்ல. பூட்டு மட்டும் நனைஞ்சுச்சு.
கடைசி வீட்டுல எங்காத்தா
தறிய விட்டு எந்திரிக்கல.
ஒனக்கு என்னம்மா வேணும்னு மழை கேட்டுச்சு.
ஆத்தா சொன்னா:

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெள்ளை.

"இதுக்கு ஒரு வரி கெடையாது தம்பி" என்றது குரல். "ஊருக்கு ஒண்ணு சொல்லுவேன். சனத்தப் பாத்ததும் தானா வரும். ஆனா ஒரே ஒரு தடவ சரியா வந்துச்சு. திருச்சுழியில."

அக்காவின் அம்மா மகளின் பாட்டை விரும்பியவர் அல்ல. தெருவில் நின்று பாடியதற்காக விளக்குமாற்றால் அடித்திருக்கிறார். கல்யாணம் என்று ஒன்றைச் செய்து வைத்தார். அது நடந்த வேகத்தில் முடிந்ததற்கும் பாட்டையே குற்றம் சொன்னார். அந்த அம்மாள் ஒரே ஒரு முறை, திருச்சுழிச் சந்தைத் திடலில் நடந்த கூட்டத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பெண்களோடு உட்கார்ந்திருக்கிறார். பாடிக்கொண்டிருக்கும்போதுதான் அக்கா பார்த்திருக்கிறார். கடைசி வரி வந்தது. அம்மா சிரித்தார்.

"ஆத்தா என்னப் பாத்துச் சிரிச்சது அன்னைக்கு மட்டுந்தான். எறங்கி வந்தப்ப வரி மறந்துபோச்சு. அவகிட்டக் கேக்கலாம்னு பாத்தா, பாட்டப் பத்தி எங்களுக்குள்ள பேச்சே கெடையாதே. அப்புறம் அவளும் போயிட்டா."

அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு மேடையிலும் அந்த வரியைத்தான் தேடியிருக்கிறார். நாங்கள் ஊருக்கு ஒரு வரி கேட்டு மெய்சிலிர்த்தோமே, எல்லாம் அவர் தேடிக் கிடைக்காமல் கையில் அகப்பட்டவை. இதைத் தட்டிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேறு புது வரி ஒன்று எழுதிவிடலாமே என்று நான் சொன்னது தப்பு. கைப்பேசி சட்டென்று பதில் சொன்னது: "தொலைச்சவளுக்குத் தெரியும் எதத் தொலைச்சான்னு."

*

மறுநாள் மல்லாங்கிணறு. அக்காவின் முதல் கூட்டங்களை நடத்திய ராஜேந்திரன் அண்ணாச்சி அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் திருச்சுழிக் கூட்டத்துக்கும் வந்திருந்தவர், அவருக்கு வரி ஞாபகமிருக்கும் என்று அக்கா நம்பினார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆடு நின்றது. அதன் சொந்தக்காரர் அதற்கும் ஜன்னலோரம் வேண்டும் என்று என்னை நகரச் சொன்னார். எங்கள் ஊர் ரயிலில் வாடை வீசும் டுரியான் பழம் கொண்டுபோகக்கூடத் தடை உண்டு என்று நினைத்துக்கொண்டே நகர்ந்தேன். ஆடு என் சட்டைப் பித்தானைச் சுவைத்துப் பார்த்தது.

அக்கா கைப்பேசியில், "மல்லாங்கிணறு ரெண்டு" என்று தட்டினார். நடத்துநர் கூட்டத்தில் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "யாருப்பா அது, ரேடியோவ அமத்துங்க. டிக்கெட் எடுக்காதவுக எடுங்க" என்றார். அக்கா விடாமல் மறுபடி தட்டினார். குரல் மறுபடி கணீரென்று சொன்னது. "அமத்தச் சொன்னேன்ல?" என்று கத்திக்கொண்டே வந்தவர், கழுத்துத் துணியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். இறங்கும் வரை எங்கள் பக்கமே அவர் திரும்பவில்லை.

அண்ணாச்சி எங்களை உட்கார வைத்துக் காராச்சேவும் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அக்காவைப் பார்த்துவிட்டுப் பருப்பு மூட்டையை நகர்த்தி வைத்தார், திரும்ப அதே இடத்தில் வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"வரியச் சொல்லவா? இங்கனயா? கடையில ஆளுக வாராக, போறாக."

"அக்காவே கேக்குறாங்க அண்ணாச்சி."

"அவுகதான வெளிய சொல்லக் கூடாதுன்னாக? எங்க வீட்டுல அன்னைக்குக் காச்சல்னு வரல. எத்தனையோ தடவ கேட்டுட்டா. அவகிட்டயே நான் சொல்லல!"

கடைசியில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்காவின் காதருகே குனிந்து, கோயிலில் வேண்டுதல் சொல்வதைப் போலச் சொன்னார். எனக்கும் கேட்டது. ஆத்தா சொன்னா: 'மொதல்ல உள்ள வந்து தலையத் துவட்டு.'

எனக்குப் புல்லரித்துவிட்டது. மழையைப் பார்த்துத் தலையைத் துவட்டு என்று சொல்ல ஒரு தாய்க்குத்தான் தோன்றும். இதுவே போதுமே என்று அக்காவைப் பார்த்தேன். அவர் தலையாட்டி மறுத்தார். "அது இந்த ஊருல சொன்னது. திருச்சுழியில நீங்க எங்க இருந்தீக?" என்று குரல் கேட்டது. அண்ணாச்சி அன்று பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். கடைசி வரி சொல்லும்போது அவர் திடலிலேயே இல்லை.

அவருடைய புத்தகப் பிரதியையாவது பார்க்கலாம் என்று கேட்டு வாங்கினேன். வெள்ளை இடம் வெள்ளையாகவே இருந்தது. பென்சிலில்கூட ஒரு கீறல் இல்லை. "எழுதி வச்சாலும் சிந்துனதுதானே" என்றார். இப்படியும் சொன்ன பேச்சைக் கேட்பார்களா மனிதர்கள்! எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் காராச்சேவை நொறுக்கினேன்.

*

அதற்கடுத்த நாள் எம்.ரெட்டியபட்டிக்குப் போனோம். ஷேர் ஆட்டோ பாதி வழியில் பஞ்சராகிவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு டயரே சோந்துருச்சு" என்றார். சுற்றிலும் சீமைக்கருவேலம். நிழல் என்று ஒதுங்கினால் முள் குத்தியது. எங்கள் ஊரில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் மரமாகும். இங்கே மரமே குச்சியாக நிற்கிறது. அக்கா துணியை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தொப்பி கொண்டுவராததற்காக அந்தச் சிரிப்பு.

பருத்திக் காட்டில் வேலை செய்த பெண்கள் எங்களைப் பார்த்ததும் மடியில் பஞ்சோடு ஓடி வந்தார்கள். "ஈஸ்வரியக்கா வந்திருக்காக!" என்று ஒருத்தி கத்த, ஒருத்தி அக்காவின் கன்னத்தைத் தடவி அழுதாள். அவர்களிலும் சிலர் திருச்சுழிக்கு வந்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் தைரியமான ஒருத்தி மட்டும் அக்காவின் காதில் சொன்னாள்: 'செத்த வெளிய நில்லு, பஞ்ச அள்ளிக்கிறேன்.' பக்கத்திலிருந்தவள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "ஏ கூறுகெட்டவளே, அது நம்மூருல சொன்னதுடி. திருச்சுழியில வேற."

"அப்ப நீதான் சொல்லேன்."

"நான் மாட்டேன்ப்பா. அவுக சொல்லுவாக, கேப்போம். நம்ம சொன்னா நல்லாவா இருக்கும்?"

எவ்வளவு கெஞ்சியும் அவள் வாயைத் திறக்கவில்லை. தெரிந்துதான் சொல்ல மறுக்கிறாளா, தெரியாததை மறைக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கூழும் வெங்காயமும் கொடுத்தார்கள். அந்த வெயிலுக்கு அமிர்தமாக இருந்தது. திரும்பும் வழியில் அக்கா எதுவும் தட்டவில்லை. கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது.

*

மைதீன் அண்ணன் வீரசோழனில் இருக்கிறார். மேடையில் அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர், அவருக்குத் தெரியாமல் போகுமா? நான் பாதிக் கவலையை பஸ்ஸிலேயே இறக்கி வைத்துவிட்டேன். அவர் வீட்டில் பிரியாணி போட்டார்கள். எங்கள் ஊரில் மாமாக் கடை என்று சொல்லும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் பிரியாணி என்று ஒன்றை விற்கிறார்களே, அவர்களை இங்கே கொண்டுவந்து ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டேன். மைதீன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, நான் அக்கா வாயப் பாக்கவே மாட்டேன். சொல்லுல மனசு போயிருச்சுன்னா ஆர்மோனியக் கட்டையில வெரலு நிக்காது. அவுக கையத்தான் பாப்பேன். வரி என்னன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்குக் கை எப்படிப் போச்சுன்னு கேளுங்க, சொல்றேன்."

ஆர்மோனியத்தை இழுத்துப் போட்டு வாசித்துக் காட்டினார். நீளமாக ஒரு சொல் விழ வேண்டிய இடம், பிறகு சின்னதாக இரண்டு, பிறகு ஒரு நிறுத்தம், அதற்குப் பிறகு கீழே இறங்கி முடிகிற ஒன்று. அக்கா கஞ்சிராவைத் துணிப்பையிலிருந்து எடுத்தார். தோலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தடவி, தட்டத் தொடங்கினார். உதடு அசைந்தது. ஆனால் காற்று கழுத்துத் துணி வழியாகத்தான் வந்தது. மைதீன் அண்ணன் மறுபடி மறுபடி அந்த இடத்தையே வாசித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்து அசைத்துப் பார்த்தார். வரி வரவில்லை. அந்த வரி அவர் நினைவில் இல்லை, தொண்டையில் இருந்திருக்கிறது. தொண்டையைத்தான் எடுத்துவிட்டார்களே.

அக்கா கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டு அழுதார். சத்தமில்லாத அழுகையை நான் அதுவரை பார்த்ததில்லை. மைதீன் அண்ணன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சென்னையிலிருந்து பாட்டுக் கம்பெனி ஆட்கள் வந்து பதிவு செய்கிறோம் என்று கேட்டது, பெரிய பதிப்பகம் ஒன்று முழுத்தொகுப்பு போடலாம் என்றது, எல்லாவற்றையும் அக்கா அன்று என்னிடம் சொன்னார். "முழுசாக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குன்னு நெனச்சேன். அவ்வளவு கிறுக்கு" என்றது செய்திக் குரல், பெட்ரோல் விலை சொல்லும் அதே தொனியில். அந்தக் கிறுக்கைத்தானே நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம்.

*

கடைசி நாள் திருச்சுழி. அங்கே நாலு பேர் சேர்ந்து நடத்தும் வாசிப்புக் கூட்டத்திடம் ராஜேந்திரன் அண்ணாச்சி சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். அதே சந்தைத் திடல். யோசனை என்னுடையதுதான். அன்று வந்தவர்களை எல்லாம் கூப்பிடுவோம். நான் கவிதையை வாசிக்கிறேன், மைதீன் அண்ணன் ஆர்மோனியம் வாசிக்கட்டும், அக்கா கஞ்சிரா தட்டட்டும். கடைசி வரி வரும்போது ஜனங்கள் தானாகச் சொல்லிவிடுவார்கள். பத்துப் பேர் தப்பாகச் சொன்னாலும் ஒருவராவது சரியாகச் சொல்ல மாட்டாரா? அக்காவுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. நல்ல சேலை கட்டிக்கொண்டு, கழுத்துக்குப் புதுத்துணி போட்டுக்கொண்டு வந்தார்.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் சேர்ந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர். ரெட்டியபட்டிப் பெண்கள் லோடு வண்டி பிடித்து வந்திருந்தார்கள். அண்ணாச்சி இந்த முறை மனைவியோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா மேடையில் ஏறியதும் நடந்ததை நான் மறக்க மாட்டேன். யாரும் சொல்லவில்லை, சொல்ல அக்காவுக்குக் குரலும் இல்லை. திடல் முழுக்க எல்லோரும் கைப்பேசியை எடுத்து மடியில் குப்புறப் போட்டார்கள்.

நான் வாசித்தேன். என் கிள்ளான் தமிழில் அந்தக் கவிதை கொஞ்சம் நொண்டியது. பரவாயில்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை. மிளகாய் காயப்போட்ட வீட்டில் சிரித்தார்கள். பூட்டு நனைந்த வீட்டில் அமைதியானார்கள். 'ஆத்தா சொன்னா' என்று முடித்துவிட்டு மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டினேன்.

மைதீன் அண்ணன் அந்த மெட்டை வாசித்தார். அக்காவின் கை தட்டியது. நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு, நிறுத்தம், இறக்கம்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுபடி தட்டினார். ஜனங்கள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அக்கா கையை நீட்டி, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். சிலர் அழுதார்கள். சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. கடைசி வரிக்குப் பேசக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அக்கா கஞ்சிராவை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துத் தட்டி, மைக் முன்னால் பிடித்தார்.

"சொல்லுங்கப்பா" என்றது செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும் கூட்டம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து வயதான ஓர் அம்மாள் எழுந்து நின்றார்.

"நீ சொல்லு தாயி" என்றார். "நாங்க கேட்டுக்கிறோம். எம்புட்டு நேரமானாலும் இருக்கோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையிலேயே இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அக்கா அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

நான் அந்த அம்மாளிடம் ஓடினேன். அவர் அதற்குள் அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு உங்காத்தா எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தா" என்றார். "வரியா? அவ சிரிச்சதப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன் தாயி. நீ சொன்னது காதுல விழுகவே இல்ல."

அக்கா அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் வழியில் ரோட்டின் இரண்டு பக்கமும் கண்மாய்கள் வறண்டு வெடித்துக் கிடந்தன. அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கூட்டம் போட்டது என் யோசனை அல்லவா? புத்தகத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டே ஆக வேண்டியிருந்தது, கேட்டேன். அக்கா தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார்.

"அந்த எடத்த வெள்ளையா விட்டுரு தம்பி" என்றது குரல். "வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொன்னேன். கொண்டு போயிட்டாக."

ஆட்டோ டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ரேடியோவுல என்னண்ணே சொல்றாக? மழை வருமாமா?"

அக்காவின் தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. கைப்பேசியை மடியில் குப்புறப் போட்டுவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.